மாங்கொட்டைச் சாறும் 22 மில்லிமீட்டர் வட்டமும்

நகரியில் பிறந்து திருப்பதியில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. சித்தூர்ப் பக்கத்துப் பழக்கூழ் ஆலையில் கழித்துப் போட்ட கிளிமூக்கு மாங்கொட்டைகளை வாங்கி, உள்ளிருக்கும் பருப்பைக் காயவைத்து அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்திருக்கிறார். மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் கரைத்து, எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ்) கிருமியைப் பரப்பிய அகார் தட்டில் குழிக்கு 50 மைக்ரோலிட்டர் ஊற்றியதில், கிருமி வளராத 22 மி.மீ. தடை வட்டம் கிடைத்தது. அதே தட்டில் வைத்த செஃபாக்சிடின் என்ற ஆன்டிபயாடிக் வட்டைச் சுற்றி 11 மி.மீ. மட்டுமே. "மருந்தைவிட இரு மடங்கு வலிமை என்று ஆய்வேட்டில் எழுதலாமா? என் மாமாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். வேலூரில் எடுத்த கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) எம்ஆர்எஸ்ஏ என்று வந்திருக்கிறது. பாட்டி மாங்கொட்டைப் பருப்பை அரைத்துப் பூசச் சொல்கிறார். பூசலாமா? அடுத்து நாவல், முருங்கை விதைகளையும் எடுக்கலாமா?"

தம்பி, மாமாவின் காலை முதலில் பார்ப்போம். ஆய்வேடு காத்திருக்கும்.

பூச வேண்டாம். பழக்கூழ் ஆலையின் பின்புறம் குவியலாய்க் கிடந்து புளித்த கொட்டையில் பூஞ்சை வித்துகளும் மண்ணின் பாக்டீரியா வித்துகளும் இருக்கும். வீட்டு அம்மியில் அரைப்பதால் அவை சாவதில்லை. அதோடு, மாங்கொட்டைப் பருப்பில் நிறைந்திருக்கும் டானின் புண்ணின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை இறுக்கி ஒரு பொருக்கை உண்டாக்கும். மேலே பார்த்தால் புண் காய்வதுபோல் தெரியும். அடியில் சீழ் எலும்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். சர்க்கரை நோயாளிக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருப்பதால் வலி வந்து எச்சரிக்கவும் செய்யாது. எம்ஆர்எஸ்ஏ என்றால் மருந்தே கிடையாது என்று வீட்டில் பயந்திருப்பீர்கள். வான்கோமைசின், லினசோலிட் உட்பட அதற்கு வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பது அந்தக் கல்ச்சர் அறிக்கையிலேயே வரிவரியாக இருக்கும். மருத்துவர் அதைப் பார்த்துத்தான் எழுதுவார். புண்ணைச் சுத்தம் செய்வது, அந்தக் காலில் எடை விழாமல் பார்த்துக்கொள்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஆகிய மூன்றையும் விட்டுவிட்டால் எந்த மருந்தும் தனியாக நின்று காப்பாற்றாது. பாட்டியிடம் கோபப்படாதீர்கள். வயிற்றுப்போக்குக்கு மாங்கொட்டைப் பருப்பைக் கொடுத்த அனுபவத்தில் அவர் பேசுகிறார். குடலும் சர்க்கரைப் புண்ணும் வேறு வேறு இடங்கள்.

இனி அந்த 22 மில்லிமீட்டர்.

எம்ஆர்எஸ்ஏ எப்படி உருவானது என்பதை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பெனிசிலினை உடைக்கக் கற்றுக்கொண்ட ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளை மடக்க மெத்திசிலின் 1959-இல் வந்தது. 1961-லேயே அதற்கு மசியாத கிருமிகள் இங்கிலாந்தில் தென்பட்டன. பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாம் கிருமியின் செல்சுவரைக் கட்டும் புரதங்களைப் பிடித்து நிறுத்துபவை. எம்ஆர்எஸ்ஏ, மெக்-ஏ என்ற மரபணுவின் வழியாக அந்த மருந்துகள் ஒட்டாத இன்னொரு புரதத்தை வைத்துக்கொண்டு சுவரைக் கட்டிவிடுகிறது. அந்த மரபணு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் ஆய்வகத்தில் 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் வட்டை வைக்கிறார்கள். வட்டம் 21 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் எம்ஆர்எஸ்ஏ. 22-உம் அதற்கு மேலும் என்றால் இல்லை.

ஆக, உங்கள் தட்டில் செஃபாக்சிடினுக்கு 11 மி.மீ. வந்தது அந்தக் கிருமி எம்ஆர்எஸ்ஏ என்பதை உறுதிப்படுத்துகிறது, அவ்வளவுதான். வேலை செய்யாது என்று முன்கூட்டியே தெரிந்த மருந்தைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அதைவிட வலிமை என்று எழுதினால், வாய்மொழித் தேர்வுக்கு வரும் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே பேனாவை மூடிவிடுவார். இந்தத் தவறு அச்சான கட்டுரைகளிலும் ஏராளமாக இருக்கிறது. அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அவற்றைப் படித்துத்தானே கற்கிறீர்கள்.

இரண்டாவது, அளவு. குழியில் நீங்கள் ஊற்றிய 50 மைக்ரோலிட்டரில் 5 மில்லிகிராம் சாறு, அதாவது 5,000 மைக்ரோகிராம் இருக்கிறது. வட்டில் இருந்தது 30. ஏறத்தாழ 166 மடங்கு பொருளை ஒரு பக்கம் கொட்டிவிட்டு வட்டத்தின் அகலத்தை ஒப்பிடுவதில் நியாயம் ஏது? மறுபக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வட்டில் இருப்பது தூய மருந்து; உங்கள் சாற்றில் இருப்பது சர்க்கரை, மாவு, கொழுப்பு, நிறமி எல்லாம் கலந்த குழம்பு. செயல்படும் பொருள் அதில் நூற்றில் ஒரு பங்காக இருந்தால், சாறு பலவீனமாகத் தோன்றினாலும் அந்தப் பொருள் வலிமையானதாக இருக்கலாம். இரு பக்கமும் ஏமாற வாய்ப்பு இருக்கிறது.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். வட்டத்தின் அகலம் வலிமையை மட்டும் காட்டுவதில்லை. பொருள் அகாரில் எவ்வளவு தூரம் ஊர்ந்து போகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. சின்ன மூலக்கூறு வேகமாகப் பரவி அகலமான வட்டம் தரும். பெரிய மூலக்கூறு குழி ஓரத்திலேயே நின்றுவிடும். எண்ணெய் நகரவே நகராது. எம்ஆர்எஸ்ஏ-வுக்குக் கொடுக்கும் வான்கோமைசினையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரிய மூலக்கூறு. அதன் வட்டுச் சோதனையை ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு நம்ப முடியாது என்று அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ தர அமைப்பு 2009-இல் நீக்கிவிட்டது. உயிர் காக்கும் மருந்தின் வட்டத்தையே நம்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாம் மாங்கொட்டைச் சாற்றின் வட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் நம்பிக்கொண்டிருக்கிறோம்!

வட்டம் எதற்குத்தான் பயன்படும்? இந்தச் சாற்றில் ஏதோ இருக்கிறது, மேலே தோண்டலாம் என்று சொல்வதற்கு. அதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்காதீர்கள்.

அடுத்து நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது எம்ஐசி, அதாவது கிருமியின் வளர்ச்சியை நிறுத்தப் போதுமான மிகக் குறைந்த செறிவு. 96 குழித் தட்டில் முல்லர்-ஹின்டன் திரவ ஊடகத்தை வைத்து, சாற்றை இரண்டிரண்டாக நீர்த்துக்கொண்டே போக வேண்டும். மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராமில் தொடங்கினால் போதும். அதற்கு மேல் வேலை செய்யும் சாறு யாருக்கும் பயன்படாது. குழியில் கிருமியின் இறுதி அளவு மில்லிலிட்டருக்கு 5 லட்சம் இருக்க வேண்டும். கிருமியின் எண்ணிக்கையைக் கலங்கலை வைத்துக் கணிக்கும் மக்ஃபார்லண்ட் அளவில் 0.5 கலங்கலில் ஏறத்தாழ 15 கோடி இருக்கும் என்பதால் அதிலிருந்து கணக்கிட்டு நீர்த்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் கை நடுங்கினால் முழு முடிவும் நடுங்கும். கிருமி பத்து மடங்கு குறைந்தால் எந்தச் சாறும் அமிர்தமாகத் தெரியும். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் இறுதியில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள வரிசை ஒன்று கட்டாயம். தரக் கட்டுப்பாட்டுக்கு ஏடிசிசி 29213 என்ற எண்ணுள்ள தரப்படுத்திய ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியையும் வான்கோமைசினையும் அதே நாளில் அதே தட்டில் ஓடவிடுங்கள், வான்கோமைசினின் எம்ஐசி மில்லிலிட்டருக்கு 0.5-க்கும் 2 மைக்ரோகிராமுக்கும் இடையில் விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைய மாங்கொட்டை முடிவையும் குப்பையில் போடுங்கள்.

எண் கிடைத்ததும் எப்படி எடைபோடுவது? கச்சாச் சாற்றுக்கு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே, பிரித்தெடுத்த தூய பொருளுக்கு 10 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே என்றால் கவனிக்கத் தக்கது என்பது இத்துறையில் பலரும் ஏற்ற அளவுகோல். கச்சாச் சாறு 1,000 மைக்ரோகிராமைத் தாண்டினால் பேசாமல் வேறு விதைக்குப் போகலாம். ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பீர்கள். எம்ஐசி மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உடலில் ஓடும் 5 லிட்டர் ரத்தத்தில் மட்டும் அந்தச் செறிவை எட்ட 25 கிராம் சாறு கரைந்து நிற்க வேண்டும். திசுக்களுக்குள் போவது, கல்லீரல் உடைப்பது, சிறுநீரகம் வெளியேற்றுவது எல்லாம் கணக்கில் சேராமலே இந்த நிலை. இன்று ரத்தத்தில் ஏற்றும் ஆன்டிபயாடிக்குகளின் மூலத்தைத் தேடிப் போனால் மண்ணிலுள்ள பாக்டீரியாவிலும் பூஞ்சையிலும் ஆய்வகத்திலும் போய் நிற்போம். செடியில் போய் நிற்கும் ஒன்றும் இல்லை. அதற்காகச் செடிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. செடிகள் வேறு உத்தியில் போராடுகின்றன, அதைக் கீழே சொல்கிறேன்.

மாங்கொட்டைக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் ஆய்வில் உண்மையான சுவை இருக்கிறது.

கிளிமூக்குப் பருப்பில் காலோடானின் என்ற வகை டானின்கள் நிறைய உண்டு. தாய்லாந்து ஆய்வாளர்கள் மாங்கொட்டைப் பருப்புச் சாற்றை எம்ஆர்எஸ்ஏ மேல் ஏற்கெனவே சோதித்திருக்கிறார்கள். பென்டகலாயில் குளுக்கோஸ் அதில் முக்கியமான பொருள். ஆக, "முதன்முறையாக" என்ற சொல்லை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். டானின் என்ன செய்யும் என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குப் பாடமே நடத்த வேண்டியதில்லை. எல்லை தாண்டினால் ஆம்பூர், வாணியம்பாடி. அங்கே கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டுப் பச்சைத் தோலை அழுகாத தோலாக்கி வந்தார்களே, அதே டானின் வேலைதான் உங்கள் குழியிலும் நடக்கிறது. தோலின் புரதத்தை இறுக்கியதுபோல் கிருமியின் வெளிப்புரதங்களையும், ஊடகத்தில் உள்ள புரதத்தையும், விட்டால் நோயாளியின் செல்லையும் அது இறுக்கும். அதற்குக் கிருமி, மனிதன் என்ற பேதம் கிடையாது. இதனால்தான் டானின் நிறைந்த எந்த விதைச் சாறும், நாவல் கொட்டையும் அதில் அடக்கம், தட்டில் ஜோராகத் தெரிந்துவிட்டு அடுத்த படியில் விழுந்துவிடுகிறது.

அதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. மாங்கொட்டைக் காலோடானின்கள் இரும்பை இறுகப் பிணைப்பவை. இரும்பு கிடைக்காமல் கிருமி பட்டினி கிடந்து வளர்ச்சியை நிறுத்துகிறது. ஊடகத்தில் இரும்பைச் சேர்த்தால் வளர்ச்சி திரும்பிவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரும்பே தேவைப்படாத லாக்டிக் அமில பாக்டீரியா இந்தச் சாற்றைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. புண்ணில் என்ன ஆகும் என்று இப்போது யோசியுங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ரத்தச் சிவப்பணுவை உடைத்து ஹீமோகுளோபினிலிருந்தே இரும்பை உருவத் தெரிந்த கிருமி. தட்டில் பட்டினி போட்டுவிடலாம். ரத்தம் கசியும் புண்ணில் அதற்கு விருந்து காத்திருக்கிறது.

ஆகவே எம்ஐசி தட்டிலேயே கூடுதலாகச் சில வரிசைகளை வையுங்கள். ஒன்றில் சாற்றோடு இரும்பு உப்பு. ஒன்றில் சாற்றோடு மாட்டு சீரம் ஆல்புமின் என்ற புரதம். ஒன்றில் பாலிவினைல்பாலிபிரோலிடோன் தூளில் கலக்கி வடிகட்டி டானினை நீக்கிய சாறு. கூடவே லாக்டிக் பாக்டீரியா வளர்க்கும் எம்ஆர்எஸ் ஊடகத்தில் தயிரிலிருந்து பிரித்த லாக்டோபேசில்லஸ் ஒன்றையும் அதே சாற்றில் சோதியுங்கள்; பால்பண்ணைகள் நிறைந்த ஊரில் தயிருக்கா பஞ்சம். டானினை நீக்கியதும் செயல் மறைந்தால் உங்கள் சாற்றில் டானினைத் தவிர வேறு மாயம் இல்லை. மறையாமல் நின்றால் அப்போது என்னை எழுப்பிச் சொல்லலாம், நடுராத்திரியானாலும் பரவாயில்லை. நாற்பது செடிகளுக்கு வட்டம் அளந்த ஆய்வேட்டைவிட இந்த நாலு வரிசை கொண்ட ஒற்றை விதை ஆய்வேடு எனக்குப் பெரிது.

சாற்றின் கார அமிலத் தன்மையையும் அளந்துவிடுங்கள். புளித்த கொட்டையில் எடுத்தது பிஎச் 4-இல் இருந்தால் அந்த அமிலமே கிருமியைத் தடுத்திருக்கலாம். இன்னொரு கண்ணி, உயிருள்ள செல்லைக் காட்ட நீங்கள் சேர்க்கும் ரெசாசுரின் சாயம். கிருமி உயிரோடிருந்தால் அது நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். மாங்கொட்டையின் பாலிஃபீனால்களும் அதையே செய்யக்கூடும், கிருமியே இல்லாவிட்டாலும். சாறும் சாயமும் மட்டும் உள்ள குழிகள் இல்லாமல் நிறத்தை நம்ப வேண்டாம். குழியிலிருந்து எடுத்து அகாரில் இட்டு, எது வளர்ச்சியை நிறுத்தியது, எது கொன்றது என்று பிரிப்பதுதான் பத்திரம். 99.9 சதவீதம் குறைந்தால்தான் கொன்றது என்று சொல்ல வேண்டும்.

செடிகளின் உத்தியைச் சொல்கிறேன் என்றேன். பெர்பெரிஸ் செடிகளில் உள்ள பெர்பெரின் என்ற மஞ்சள் பொருள் ஸ்டெஃபைலோகாக்கஸை நன்றாகத் தாக்காது. கிருமி அதை நார்-ஏ என்ற பம்பு மூலம் உள்ளே வந்ததும் வெளியே தள்ளிவிடும். அதே செடிகள் 5'-மெத்தாக்சிஹைட்னோகார்பின் என்ற இன்னொரு பொருளையும் செய்கின்றன. அது தனியாக எதையும் கொல்லாது, ஆனால் அந்தப் பம்பை அடைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் கிருமி திணறுகிறது. 2000-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு தாவர ஆய்வின் போக்கையே திருப்பியது. இதன் நெருங்கிய உறவான ஹைட்னோகார்பின், குஷ்டத்துக்கு ஒரு காலத்தில் பூசியும் ஊசி வழியாகவும் கொடுத்த நீரடிமுத்து விதையில் உள்ளது.

எனவே உங்கள் சாறு தனியாகச் சாதிக்காததை, மெத்திசிலினின் உறவான ஆக்சாசிலினோடு சேர்ந்து சாதிக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாறு, மறு பக்கம் மருந்து என்று கட்டம் கட்டமாக நீர்த்துப் போடும் சோதனை இது, செக்கர்போர்டு என்பார்கள். ஆக்சாசிலினுக்கு ஊடகத்தில் 2 சதவீதம் உப்பும் முழு 24 மணி நேரமும் வேண்டும். ஆக்சாசிலின் தனியாக மில்லிலிட்டருக்கு 256 மைக்ரோகிராமில் நிறுத்தியது, சாற்றின் எம்ஐசியில் கால் பங்கைச் சேர்த்ததும் 16-இல் நிறுத்துகிறது என்று வையுங்கள். 16-ஐ 256-ஆல் வகுத்தது 0.0625, அதோடு 0.25, கூட்டினால் 0.31. 0.5 அல்லது அதற்குக் கீழே என்றால் கூட்டு வலிமை உண்மை. தேயிலையின் காலேட் பொருள்கள் எம்ஆர்எஸ்ஏ-வை ஆக்சாசிலினுக்கு இப்படி இளக்குவது தெரிந்த செய்தி. மாங்கொட்டைக் காலோடானினிலும் அதே காலாயில் தொகுதிகள் இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் 16-உம் எதிர்ப்பு நிலைதான். ஆக்சாசிலின் மறுபடி வேலை செய்கிறது என்று சொல்ல 2-க்கு இறங்க வேண்டும். கூட்டு வலிமை இருக்கிறது என்பதும் நோய் தீரும் என்பதும் ஒன்றாகிவிடாது.

நாவலை டானின் காரணத்துக்காகத் தள்ளிவையுங்கள், அதே கதை திரும்பும். முருங்கை விதை எடுங்கள், அது முற்றிலும் வேறு வேதியியல். முருங்கை விதையை நசுக்கி நீரில் கலக்கும்போது ஒரு நொதி வேலை செய்து ஐசோதயோசயனேட் பொருளை உண்டாக்குகிறது. கிருமியைத் தடுப்பது பெரும்பாலும் அதுதான். விதையை முழுதாகச் சூடான மெத்தனாலில் போட்டால் நொதி செத்துவிடும், பொருள் பிறக்காது, "முருங்கை விதையில் ஒன்றும் இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். குளிர்ந்த நீரில் அரைத்து, சிறிது நேரம் விட்டு, பிறகு கரைப்பானுக்குப் போங்கள். கலங்கல் நீரைத் தெளியவைக்கும் புரதமும் அந்த நீர்ச்சாற்றில் வரும். அது கிருமிகளை வெறுமனே ஒட்டவைத்து அடியில் படியச் செய்தால் மேலே தெளிந்த குழியைக் கண்டு கிருமி வளரவில்லை என்று ஏமாறலாம். குலுக்கிவிட்டுப் பாருங்கள்.

சேஷாசலம் பக்கம் போய்ச் செம்மர விதை பொறுக்கும் எண்ணம் யாராவது தந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் கிட்டவே போகாதீர்கள். ஆய்வுக்கு என்று சொன்னால் சோதனைச் சாவடியில் நம்ப மாட்டார்கள்.

கிருமி பற்றியும் ஒன்று. உங்கள் தட்டில் இருந்த எம்ஆர்எஸ்ஏ எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நோயாளியிடமிருந்து எடுத்தது என்றால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். ஒற்றைக் கிருமியை வைத்து எதையும் சொல்லவும் முடியாது. மெக்-ஏ உள்ள ஏடிசிசி 43300, மெத்திசிலினுக்கு மசியும் 29213, முடிந்தால் வெவ்வேறு நோயாளிகளின் கிருமிகள் சில என்று வையுங்கள். சாறு மசியும் கிருமியையும் மசியாததையும் ஒரே செறிவில் தடுத்தால், அந்த எதிர்ப்பைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் தாக்குகிறது என்று பொருள். அது நல்ல செய்தி. எல்லாம் பாதுகாப்புப் பெட்டிக்குள்ளே நடக்கட்டும். தட்டுகள் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் ஆகாமல் குப்பைக்குப் போகக் கூடாது. கார்பபெனெம் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத கிளெப்சியெல்லா என்ற கிருமி கிடைக்கிறது, அதையும் சோதிக்கலாமே என்று ஆசை வரும். கல்லூரி ஆய்வகத்தில் வேண்டாம். அதன் வெளிச்சவ்வு பெரும்பாலான டானினை உள்ளே விடாது, கைக்குத்தான் ஆபத்து.

நச்சுச் சோதனையை எளிதாகத் தொடங்க, கழுவிய சிவப்பணுக்களோடு சாற்றை 37 டிகிரியில் வைத்து எவ்வளவு உடைகிறது என்று பாருங்கள். எம்ஐசி அளவிலேயே உடைந்தால் அந்தச் சாறு கிருமிநாசினியாகத் தரை துடைக்க உதவலாம். அதையும் நேர்மையாக எழுதலாம், கேவலம் ஒன்றுமில்லை.

இந்தச் சீசனுக்கான கொட்டையை ஜூன், ஜூலையில் ஆலை ஓடும்போதே, பழம் வெட்டிய அன்றே வாங்கிவிடுங்கள். குவியலில் கிடந்தது வேண்டாம். ஓட்டை உடைத்துப் பருப்பை 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்தி, முதலில் ஹெக்சேனில் கொழுப்பை நீக்கிவிட்டு மெத்தனாலுக்குப் போங்கள். இல்லாவிட்டால் கொழுப்பு டிஎம்எஸ்ஓவில் திரண்டு குழி முழுக்கக் கலங்கிவிடும். இரும்பு சேர்த்த வரிசையும் டானின் நீக்கிய வரிசையும் முடிந்ததும் எண்களை மட்டும் அனுப்புங்கள், தட்டின் படம் வேண்டாம்.